யாரிடம் கேட்பது? பாராமெடிக்-2 அட்ரினலின் ஆய்வும் கேட்கப்படாத சம்மதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

## நிகழ்வு

2014 டிசம்பரிலிருந்து 2017 அக்டோபர் வரை, பிரிட்டனில் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள் ஒரு மருந்து ஆய்வில் பங்கெடுத்தன. மருத்துவமனைக்கு வெளியே, வீட்டிலோ தெருவிலோ, இதயம் நின்றுபோனவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான அட்ரினலின் ஊசி போடப்பட்டது. மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று, ஊசி போட்ட பாராமெடிக்குக்கே (ஆம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தருபவர்) தெரியாது. மொத்தம் 8,014 பேர். இவர்களில் ஒருவரிடமும் முன்கூட்டிச் சம்மதம் வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவியிடமோ மகனிடமோ கேட்கவும் இல்லை.

சட்டப்படிதான் நடந்தது. ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு (எத்திக்ஸ் கமிட்டி) அனுமதி கொடுத்தது, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி கொடுத்தது. பாராமெடிக்-2 என்ற இந்த ஆய்வை வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு நடத்தியது. நான் அந்தக் குழுவில் இருந்தவன் இல்லை. வெளியான தகவல்களை வைத்தே எழுதுகிறேன். நோயாளி ஒருவரையும் தனியாக அடையாளம் காட்டவில்லை. எத்திக்ஸ் கமிட்டியில் உட்காருகிறவர்களும் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவர்களும் இந்த ஒரு ஆய்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்தால், பல புத்தகப் பாடங்களை விட அதிகம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

## பின்னணி: சோதிக்காமலே நிலைத்த ஒரு மருந்து

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நாம் எல்லாவற்றையும் ‘ஹார்ட் அட்டாக்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார், வேர்த்துக் கொட்டும், கையெழுத்துகூடப் போடுவார். இதய நிறுத்தத்தில் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதே நின்றுபோகிறது. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அப்புறம் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் ஆள் இல்லை.

இந்த நிலையில் அட்ரினலின் போடும் வழக்கம் பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாய்களிடம் சோதித்திருக்கிறார்கள். 1960களில் மறுபடியும் விலங்குச் சோதனைகள் நடந்தன. அதிலிருந்து அது வழிகாட்டி நெறிகளுக்குள் நுழைந்தது. மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் என்று உலகம் முழுக்க மனப்பாடமாகிவிட்டது. மனிதர்களிடம் உப்பு நீரோடு ஒப்பிட்டுப் பெரிய அளவில் யாரும் சோதிக்கவில்லை.

சந்தேகத்துக்குக் காரணம் அந்த மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. அட்ரினலின் ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. அழுத்தம் ஏறி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களில் ஓட்டம் கூடுகிறது, இதயம் மறுபடி துடிக்க வாய்ப்பு அதிகமாகிறது. ஆனால் அதே இறுக்கம் மூளையின் நுண்குழாய்களில் ஓட்டத்தைக் குறைக்கலாம். இதயத்தை மீட்டு மூளையைத் தொலைக்கிறோமோ என்ற கேள்வி இங்கேதான் கிளம்புகிறது.

2012இல் ஜப்பானிலிருந்து 4,17,188 பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அட்ரினலின் பெற்றவர்களில் அதிகம் பேருக்கு நாடித்துடிப்பு திரும்பியிருந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் உயிரோடிருந்தவர்களும், மூளை நன்றாக இருந்தவர்களும் குறைவு. இது பதிவுகளைப் பார்த்துச் சொன்னதுதான். மோசமான நிலையில் இருப்பவர்களுக்கே அட்ரினலின் அதிகம் போகும் என்பதால், இதை வைத்து மருந்தைக் குற்றம் சொல்லிவிட முடியாது.

‘இவ்வளவு காலம் கொடுத்துவருகிறோம், தப்பாகவா இருக்கும்?’ என்று கேட்பவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பதில் இருந்தது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல இடங்களில் வழக்கம். கிராஷ் என்ற ஆய்வு 10,008 பேரிடம் அதைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1%, பெறாதவர்களில் 17.9%. நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தே ஆளைக் கொன்றிருக்கிறது. இதை மனதில் வைத்துப் பார்த்தால், சோதிக்காமல் தொடர்ந்து கொடுப்பதும் ஒரு வகையில் சம்மதம் கேட்காத சோதனைதான். என்ன வித்தியாசம் என்றால், அதன் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

## பெர்த்தில் நின்றுபோன முயற்சி

பிரிட்டன் இதில் முதல் ஆள் இல்லை. 2006இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இதே கேள்வியோடு ஓர் ஆய்வு தொடங்கியது. சுமார் 5,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். பல ஆம்புலன்ஸ் சேவைகள் சேர்ந்து செய்வதாக இருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பங்கெடுத்தது. வழக்கமான மருந்தை நிறுத்திவைப்பது தவறு என்ற எதிர்ப்பில் மற்றவை ஒதுங்கிக்கொண்டன. 601 பேரோடு ஆய்வு நின்றது. 534 பேரின் விவரங்களைத்தான் கணக்கில் எடுக்க முடிந்தது. அட்ரினலினால் நாடித்துடிப்பு திரும்புவது அதிகம் என்று தெரிந்தது. உயிரோடு வீடு திரும்பியவர்களில் அட்ரினலின் பக்கம் 4.0%, உப்பு நீர் பக்கம் 1.9%. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நெறிமுறையின் பெயரால் பாதியில் சுருங்கிய ஆய்வில் 601 பேரும் ஆபத்தைச் சந்தித்தார்கள், ஆனால் விடை கிடைக்கவில்லை. ஆய்வே நடக்காமல் இருந்திருக்கலாம், இல்லை முழுதாக நடந்திருக்கலாம். நடுவில் நின்றதுதான் மிக மோசம்.

## சட்டம் எங்கே நின்றது

1947இன் நியூரம்பெர்க் நெறி, மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அவரது சொந்தச் சம்மதம் கட்டாயம் என்றது. விதிவிலக்கே இல்லை. நாஜி மருத்துவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு எழுதிய நெறி வேறு எப்படி இருக்கும்? ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், நினைவில்லாதவரின் நோயை ஆராயவே முடியாது. பின்னால் வந்த, உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனம் இதற்கு வழிவிட்டது: நினைவில்லாத நிலையே ஆராயும் நோயின் பகுதியாக இருந்து, தாமதிக்க முடியாது என்றால், குழுவின் அனுமதியோடு ஆய்வைத் தொடங்கலாம், பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சம்மதம் பெற வேண்டும். அமெரிக்கா 1996இல் தனி விதியே எழுதியது. அதில் அந்தப் பகுதி மக்களோடு கலந்து பேசுவதும் கட்டாயம்.

ஐரோப்பா 2001இல் கொண்டுவந்த மருந்து ஆய்வு உத்தரவில் இப்படி ஒரு வழியே வைக்கவில்லை. பிரிட்டன் அதை 2004இல் தன் சட்டமாக்கியது. அவசர சிகிச்சையில் மருந்து ஆய்வு செய்ய நினைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2006இல் திருத்தம் வந்தது: சிகிச்சை உடனடியாகத் தேவை, ஆய்வும் அந்த நேரத்திலேயே நடந்தாக வேண்டும், சட்டப்படியான பிரதிநிதியிடம் கேட்பது நடைமுறையில் முடியாது, நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்திருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் முன்சம்மதம் இல்லாமல் தொடங்கலாம். பாராமெடிக்-2 நின்றது இந்தத் திருத்தத்தின் மேல்தான்.

## எடுத்த முடிவுகள்

முன்சம்மதம் கேட்பதில்லை. இதை எதிர்ப்பவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். ஆய்வின் கணக்குப்படியே, அழைப்பு வந்து ஆம்புலன்ஸ் சேர ஆறரை நிமிடம் போல ஆனது. முதல் மருந்து உள்ளே போக 21 நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

அந்த நிமிடங்கள் எதில் போகின்றன என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார், ஒருவர் மூச்சுக்குழாயைப் பார்ப்பார், டிஃபிப்ரிலேட்டர் ஒட்டி மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ரத்தநாளம் கிடைக்காவிட்டால் எலும்புக்குள் ஊசி ஏற்ற வேண்டும். விளக்கம் சொல்லப் போகிறவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாக வேண்டும். சரி, கேட்டே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘உங்கள் வீட்டுக்காரருக்கு மருந்தும் கிடைக்கலாம், உப்பு நீரும் கிடைக்கலாம், சம்மதமா?’ தரையில் கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொண்டே அவர் ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அதைச் சம்மதம் என்று அழைக்க முடியுமா? அவர் இறந்துபோனால் அந்த ஒற்றைச் சொல் ஆயுள் முழுக்க இவரோடு இருக்கும். ஆய்வுப் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டுவதைவிட, கேட்காமல் பொறுப்பைத் தாங்களே ஏற்பது நேர்மை என்று குழு முடிவு செய்ததை நான் ஏற்கிறேன்.

கேட்க முடியாதவர்களுக்குப் பதில், கேட்க முடிந்தவர்களைக் கேட்பது. ஆய்வு தொடங்கும் முன்பே நோயாளிகளிடமும் பொதுமக்களிடமும் பேசினார்கள். வெறுமனே பிழைப்பது பெரிதா, மூளை பெரிதாகப் பழுதாகாமல் பிழைப்பது பெரிதா? பெரும்பாலானவர்கள் சொன்னது இரண்டாவதை. முன்சம்மதத்துக்கு மாற்றாக இந்த ஆய்வில் ஏதாவது இருந்தது என்றால் அது இதுதான் என்பேன். தனி ஆளிடம் ‘சேருகிறாயா’ என்று கேட்க முடியாதபோது, அவரைப் போன்றவர்களிடம் ‘எதை அளக்கட்டும்’ என்று கேட்டார்கள்.

ஆனால் ஆய்வின் முதன்மை அளவுகோலாக வைத்தது 30 நாள் உயிரோடிருப்பதை. மூளையின் நிலை இரண்டாம் இடத்தில் நின்றது. மக்கள் சொன்ன வரிசை ஒன்று, திட்டத்தில் இருந்த வரிசை வேறு. முடிவு வந்தபோது இந்த இடைவெளிதான் முன்னால் வந்து நின்றது.

விலகுவதற்கு ஒரு காப்பு. ஆய்வில் சேர விரும்பாதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு ஸ்டீல் காப்பு வைத்திருந்தார்கள். ‘ஆய்வு வேண்டாம்’ என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் அதில் பொறித்திருக்கும். மணிக்கட்டில் அது இருந்தால் பாராமெடிக் ஆய்வுப் பெட்டியைத் திறக்க மாட்டார், வழக்கமான சிகிச்சைதான்.

காகிதத்தில் இது அழகாகத் தெரிகிறது. நடைமுறையில், காப்பு கேட்க வேண்டுமென்றால் முதலில் ஆய்வு நடப்பது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் தன் இதயம் ஒருநாள் நின்றுபோகலாம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அதை மூன்று ஆண்டுகள் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். ஆய்வுக்குள் வந்தவர்களின் சராசரி வயது எழுபதை ஒட்டி. இணையதளம், சுவரொட்டி, உள்ளூர்ப் பத்திரிகை என்று அறிவிப்புகள் செய்தார்கள்தான். இருந்தாலும் அந்தக் காப்பை உண்மையான தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் சிலருக்கு அது ஒரு கதவு, அவ்வளவுதான். அந்தச் சிலருக்காக வைத்தது சரியே.

பிழைத்தவர்களிடம் சொல்வது. உயிர் தப்பியவர்களை மருத்துவமனையில், நிலைமை தேறிய பிறகு சந்தித்து, ஆய்வில் சேர்க்கப்பட்டதைச் சொல்லி, தொடர்ந்து அவர்கள் விவரங்களைச் சேகரிக்கச் சம்மதம் கேட்டார்கள். பேசும் நிலையில் இல்லாதவர்களுக்குச் சட்டப்படியான பிரதிநிதி.

இறந்தவர் வீட்டுக்கு. இங்கேதான் இந்த ஆய்வின் மிகக் கடினமான முடிவு. இறந்தவர்களின் குடும்பத்தைத் தேடிப்போய், ‘உங்கள் அப்பா ஓர் ஆய்வில் இருந்தார், அவருக்கு உப்பு நீர் கிடைத்திருக்கலாம்’ என்று சொல்வதில்லை என்று தீர்மானித்தார்கள். தகவல் பொதுவெளியில் இருக்கும், கேட்டு வருபவர்களுக்குச் சொல்வார்கள், தாங்களாகப் போய்ச் சொல்ல மாட்டார்கள். காரணம் புரியாதது அல்ல. இழவு வீட்டுக்குக் கடிதம் போட்டால் என்ன ஆகும்? தெரிந்துகொண்டு அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ‘மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரோ’ என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். நெறிமுறைக் குழு இதற்கும் அனுமதி கொடுத்தது.

எனக்கு இந்த இடத்தில் இரண்டு மனம். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாதே என்ற உணர்வு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; துக்கம் கேட்கப் போனால்கூட எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று நமக்கே ஒரு கணக்கு உண்டு. ஆனால் ‘அவர்கள் தாங்க மாட்டார்கள்’ என்று மருத்துவர் தீர்மானித்து மறைப்பதிலிருந்து வெளியே வரத்தானே சம்மதம் என்ற ஏற்பாடே வந்தது? சம்மதம் கேட்காமல் இருப்பதற்கு நேரமின்மை காரணம் என்றால், ஒரு மாதம் கழித்தும் சொல்லாமல் இருப்பதற்கு அதே காரணத்தைச் சொல்ல முடியாது. அதற்கு வேறு நியாயம் வேண்டும், அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

## களத்தில்

ஆய்வுப் பெட்டிகள் எல்லாம் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எண் மட்டும் வேறு. ஒவ்வொன்றிலும் முன்பே நிரப்பிய பத்து ஊசிகள். பத்தும் அட்ரினலின், அல்லது பத்தும் உப்பு நீர். நெஞ்சு அழுத்தமும் மின்அதிர்ச்சியும் பலன் தராதபோதுதான் பெட்டிக்குக் கை போகும். பெட்டியைத் திறந்த நொடியில் நோயாளி ஆய்வுக்குள் வந்துவிட்டார். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஊசி. நாடித்துடிப்பு திரும்பும் வரை, அல்லது முயற்சியைக் கைவிடும் வரை, அல்லது மருத்துவமனையில் ஒப்படைக்கும் வரை. கர்ப்பிணிகள், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், ஒவ்வாமை அதிர்ச்சியாலோ ஆஸ்துமாவாலோ இதயம் நின்றவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை.

மணிக்கட்டைப் பார்ப்பது, பெட்டியை எடுப்பது, மூடியைப் பிரிப்பது. சம்மதம் குறித்த அத்தனை விவாதமும் களத்தில் இந்த ஒரு அசைவாகச் சுருங்கிவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் அட்ரினலின் என்று தெரிந்தே கையில் எடுத்தவர்கள், இப்போது என்னவென்று தெரியாத ஊசியைப் பிடிக்கிறார்கள். அந்தப் பாராமெடிக்குகளின் மனநிலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதப்பட்டிருக்கலாம்.

## செய்தி வெளியே வந்தபோது

ஆய்வு தொடங்கும் முன்பே, 2014 ஆகஸ்டில், பிரிட்டன் ஊடகங்களில் இது பெரிய செய்தியானது. நோயாளிக்கே தெரியாமல் டம்மி மருந்து என்ற கோணம்தான் முன்னால் நின்றது. அதைப் படித்த ஒருவர் என்ன நினைப்பார்? உயிர் காக்கும் மருந்தைப் பறித்துவிட்டுத் தண்ணீரை ஏற்றுகிறார்கள் என்றுதான். அட்ரினலின் உயிர் காக்கிறதா என்பதே கேள்வி என்ற விஷயம் அந்தக் கோணத்தில் காணாமல் போனது.

பெர்த்தில் இதே கட்டத்தில்தான் சேவைகள் விலகின. பிரிட்டனில் ஆய்வுக் குழு பின்வாங்கவில்லை, டிசம்பரில் தொடங்கியது. விளம்பரத்துக்கு ஆய்வாளர்கள் செலவிட்ட முயற்சியைவிட இந்தச் செய்திகள் அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. அந்த வகையில் எதிர்ப்பே ஒரு பொது அறிவிப்பாகவும் ஆனது.

## கிடைத்த விடை

2018 ஜூலையில் முடிவுகள் வெளியாயின.

நாடித்துடிப்பு திரும்பியவர்கள்: அட்ரினலின் பக்கம் 36.3%, உப்பு நீர் பக்கம் 11.7%. மூன்று மடங்கு. களத்தில் நிற்பவருக்கு மருந்து வேலை செய்கிறது என்று ஏன் தோன்றியது என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. அவர் பார்ப்பது துடிப்பு திரும்புவதை. அதற்குப் பிறகு நடப்பது ஐசியூ கதவுக்குப் பின்னால்.

30 நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள்: 3.2%, 2.4%. அதாவது 130 பேர், 94 பேர். அட்ரினலின் உயிரைக் காப்பாற்றுகிறது, ஆனால் கொஞ்சமாக. ஒரு கூடுதல் உயிருக்கு 112 பேருக்கு அதைக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் அந்த எண் 15, சீக்கிரம் டிஃபிப்ரிலேட்டர் கிடைத்தால் 5 என்று ஆய்வாளர்களே ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

மூளை நல்ல நிலையில் இருந்து வீடு திரும்பியவர்கள்: 2.2%, 1.9%. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். பிழைத்து வெளியேறியவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், அட்ரினலின் பக்கம் 126 பேரில் 39 பேர். உப்பு நீர் பக்கம் 90 பேரில் 16 பேர். 31.0%, 17.8%.

இப்போது ஆய்வுக்கு முன் மக்கள் சொன்னதை நினைத்துப் பாருங்கள். முதன்மை அளவுகோலின்படி அட்ரினலின் வென்றது. மக்கள் சொன்ன அளவுகோலின்படி அது வெல்லவில்லை. கூடுதலாகப் பிழைத்தவர்களில் பலர் மற்றவரைச் சார்ந்து கிடக்கும் நிலையில் பிழைத்தார்கள். ‘எது நல்ல முடிவு’ என்பதற்கு மருத்துவம் தனியாகப் பதில் சொல்ல முடியாத கட்டம் இது. படுத்த படுக்கையாக இருந்தாலும் அப்பா உயிரோடு இருக்கட்டும் என்று சொல்லும் வீடும் உண்டு. அப்படி ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்த அப்பாவும் உண்டு.

வழிகாட்டி நெறிகள் மாறவில்லை. இதய மீட்பு நெறிகளைப் பரிசீலிக்கும் சர்வதேச அமைப்பு 2019இல் இந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு அட்ரினலினைத் தொடரவே பரிந்துரைத்தது. ஐரோப்பிய நெறிகளும் 2021இல் அப்படியே வைத்துக்கொண்டன. இதைப் பார்த்து ‘பிறகு எதற்கு இவ்வளவும்’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. முன்பு தெரியாமல் கொடுத்தோம், இப்போது என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்து கொடுக்கிறோம். உப்பு நீர் பெற்றவர்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வதும் அவ்வளவு எளிதில்லை என்றாகிவிட்டது.

## மறுபடி செய்வதானால்

முன்சம்மதம் இல்லாமல் தொடங்கியதை நான் மாற்ற மாட்டேன். காப்பையும் வைத்துக்கொள்வேன், ஆனால் அதை வைத்து ‘தேர்வு கொடுத்தோம்’ என்று அறிக்கையில் எழுத விடமாட்டேன். மக்களிடம் ‘எது பெரிது’ என்று கேட்டால், அவர்கள் சொன்னதை முதன்மை அளவுகோலாக வைக்க வேண்டும். அல்லது ஏன் வைக்கவில்லை என்று அவர்களிடமே போய்ச் சொல்ல வேண்டும். அந்த அளவுகோலுக்கு ஆயிரக்கணக்கில் இன்னும் அதிகம் பேர் தேவைப்பட்டிருக்கலாம். செலவு ஏறும், காலம் நீளும். அதை வெளிப்படையாகப் பேச வேண்டிய இடம் ஆய்வின் தொடக்கம்.

இறந்தவர்களின் குடும்பம் பற்றி முடிவெடுக்கும்போது, பிரிட்டனிலேயே குழந்தைகளுக்கான அவசர ஆய்வுகளில் கிடைத்த அனுபவத்தைப் பார்க்கலாம். அங்கே குழந்தையை இழந்த பெற்றோரையும் சேர்த்துப் பேசிப் பார்த்தார்கள். அதன் பேரில் 2015இல் உருவான வழிகாட்டுதல், உடனே கேட்காமல் சில வாரம் கழித்துக் கடிதம் மூலம் தெரிவிக்கும் முறையைச் சொல்கிறது. தன் பிள்ளை ஓர் ஆய்வில் இருந்ததை வருடங்கள் கழித்து எங்கோ படித்துத் தெரிந்துகொள்வது இன்னும் பெரிய காயம் என்ற கவலை அதன் பின்னால் இருக்கிறது.

பெரியவர்களின் இதய நிறுத்தத்துக்கு அந்த முறை அப்படியே பொருந்தாது. எண்ணிக்கையே வேறு: 8,014 பேரில் 7,700க்கும் மேற்பட்டவர்கள் 30 நாளுக்குள் இறந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் தனித்தனிக் கடிதம் போடுவதா என்றால், வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மரணத்துக்குப் பிறகு பதிவு, சான்றிதழ், இறுதிச் சடங்கு என்று குடும்பங்களுக்குக் கொடுக்கும் தகவல் தாள் ஒன்று இருக்கும். அதில் ஒரு பத்தி சேர்க்கலாம்: இந்தப் பகுதி ஆம்புலன்ஸ் சேவைகள் ஆய்வுகளில் பங்கெடுக்கின்றன, உங்கள் உறவினர் சேர்க்கப்பட்டாரா என்று தெரிய வேண்டுமானால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். தெரிய வேண்டாம் என்பவர் அந்தப் பத்தியைக் கடந்து போவார். தெரிய வேண்டும் என்பவர் எண்ணை எழுதிக்கொள்வார். மறுமுனையில் போனை எடுப்பவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, பெட்டியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லலாமா, ஆய்வு முடிந்து எத்தனை ஆண்டு வரை அந்த எண் இயங்க வேண்டும்: இந்த நான்கையும் அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்பது நெறிமுறைக் குழுவின் வேலை.